எழுபத்தொன்பதாவது மாடி

நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி வந்து விழுகிறது. சர்க்கரைக்கு வெந்தயம், முழங்காலுக்கு எண்ணெய், பேரன் பாடிய பாட்டு, இவற்றுக்கு நடுவே அதற்கும் ஓர் இடம். போன வாரம் வந்த கேள்வி இது: போர் விமானம் மோதியும் இடிந்து விழாத நியூயார்க் கட்டடம் எது? பதினோரு பேர் சரியாகச் சொன்னீர்கள். ஒருத்தி, "இது நம்ம எட்டாங்கிளாஸ் க்விஸ்ல வந்ததுதானே, இவதானே அன்னிக்கு பதில் சொன்னா" என்று என்னைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாள். உடனே கைதட்டல்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

கும்பிடு போட்டிருக்கக் கூடாது. உங்களில் ஒருத்திக்கும் அவள் ஞாபகம் வரவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதி இரண்டு நாள் நீடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளை உங்களுக்குத் தெரியும். ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். 'புளுகுணி' என்றால் புரியும். அவளுடைய நிஜப் பெயரை நாம் அப்போதே அதிகம் உபயோகிக்கவில்லை, இப்போது எதற்கு?

எழுபதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் நம் பள்ளி. ஓட்டுக் கூரை, மழை நாளில் நனைந்த பாவாடைகளின் வாடை, பெஞ்சுக்கு அடியில் சேறு. விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாகப் போகும்போது டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். புதன்கிழமை கடைசிப் பீரியட் பொது அறிவு. நம் சமூக அறிவியல் டீச்சர்தான் அதற்கும். நீளமான கை அவருக்கு. கிள்ளினால் தோல் இரண்டு நாள் கறுத்துக் கிடக்கும்.

என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பொது அறிவு இருந்தால் மகள் கலெக்டர் ஆகிவிடுவாள் என்று எவனோ சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டவர். இரவுச் சாப்பாட்டின்போது ஐந்து கேள்விகள் கேட்பார். ஒன்று தப்பினாலும் எனக்குத் தயிர் கிடையாது. ரசம் சாதத்தோடு எழுந்துவிட வேண்டும். அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நான் கலெக்டர் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீசில் பில் போட்டேன். இப்போது கேளம்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் இருக்கிறேன். தயிர் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

அவள் அந்த வருஷம்தான் நம் பள்ளிக்கு வந்தாள். பொழிச்சலூரிலிருந்து குடிபெயர்ந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தார்கள். தினமும் நடந்தே வருவாள். கால் விரல்களுக்கு நடுவே எப்போதும் செம்மண். முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது அவள் எழுந்து, "மவுண்ட் ரோட்டுல, பதினாலு மாடியில வேலை, டீச்சர்" என்றாள்.

பட்டணத்தின் பதினாலு மாடிக் கட்டடம்! நமக்கெல்லாம் அதைவிட உயரமான ஒன்று உலகத்தில் கிடையாது. டீச்சரின் புருவமே கொஞ்சம் ஏறியது. ஆபீசர் மகள் ஏன் நடந்து வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. யாரோ அதிகாரி தூக்கிப் போட்ட பழைய டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு உயரமான கட்டடத்தின் படம், ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து, சோற்றுப் பசையால் ஒட்டியது. பசை காய்ந்து படங்கள் அலை அலையாகச் சுருங்கியிருக்கும். மூக்குக்கு அருகே கொண்டுபோனால் புளித்த வாடை அடிக்கும். படத்துக்குக் கீழே அவள் அப்பாவின் கையெழுத்து, பென்சிலில், குண்டு குண்டாக: ஊர், மாடி எத்தனை, லிஃப்ட் எத்தனை. எம்பயர் ஸ்டேட் பில்டிங்: நூற்றிரண்டு மாடி, எழுபத்துமூன்று லிஃப்ட். வேறு எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் லிஃப்ட் கணக்கு கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"லிஃப்ட் இல்லேன்னா உசரமான கட்டடமே கெடையாதாம்" என்றாள் ஒரு நாள், மழைக்கு வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. "அஞ்சு மாடிக்கு மேல யாரு ஏறுவா? ஒரு அமெரிக்காக்காரரு, கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட் கண்டுபிடிச்சாராம். யாரும் நம்பலியாம். அவரே மேல நின்னுகிட்டு, கயித்த வெட்டுங்கடான்னு சொன்னாராம். வெட்டினாங்க. விழவே இல்ல. அதுக்கப்புறம்தான் எல்லாரும் மாடி மேல மாடியா கட்டினாங்க."

"யார் சொன்னது?"

"எங்கப்பா."

அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியும். எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

அக்டோபரில் டீச்சர் ஒரு அறிவிப்புச் செய்தார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பள்ளிகளுக்கு இடையே வினாடி வினா. பள்ளிக்கு இரண்டு பேர். டீச்சர் வகுப்பிலேயே ஐம்பது கேள்வி வைத்துத் தேர்ந்தெடுத்தார். உலகத்தின் உயரமான கட்டடம் எது என்று கேட்டபோது நாமெல்லோரும் ஒரே குரலில் எம்பயர் ஸ்டேட் என்று கத்தினோம். அவள் மட்டும், "இப்ப அது இல்ல டீச்சர். சிகாகோல ஒண்ணு. நூத்திப் பத்து மாடி" என்றாள். டீச்சர் புதிதாக வந்த இயர் புக்கைப் புரட்டிப் பார்த்தார். அவருடைய பழைய நோட்ஸில் எம்பயர் ஸ்டேட்தான் இருந்தது. "சரி, உக்காரு" என்றார். பாராட்டவில்லை.

முதலாவது அவள். இரண்டாவது டாக்டர் மகள். மூன்றாவது நான், ஒன்றரை மார்க் வித்தியாசத்தில். என்னை உபரியாக எழுதிக்கொண்டார்கள். அன்று இரவு அப்பா கேள்வியே கேட்கவில்லை. தயிர்ப் பாத்திரத்தை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து நடந்து வர்ற பொண்ணுகிட்ட தோத்துட்டு வந்திருக்கே" என்றார். ஒரு வாரம் எனக்குத் தயிர் வரவில்லை.

இனி அந்த விமானம்.

ஒரு புதன்கிழமை, பயிற்சிக்காக, ஆளுக்கொரு அபூர்வத் தகவல் சொல்லுங்கள் என்றார் டீச்சர். டாக்டர் மகள் நீலத் திமிங்கிலத்தின் இதயத்தைப் பற்றிச் சொன்னாள். அவள் எழுந்தாள். "எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல ஒரு தடவை சண்டை ப்ளேன் மோதிடுச்சு டீச்சர். மூடுபனி. வழி தெரியாம எழுபத்தொம்பதாவது மாடியில மோதிடுச்சு. லிஃப்ட் ஓட்டற அக்காவுக்கு நெருப்புக் காயம். கீழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு இன்னொரு லிஃப்ட்ல ஏத்தினாங்க. அது கயிறு அறுந்து எழுபத்தஞ்சு மாடி விழுந்துச்சு. ஆனா அந்த அக்கா சாகல."

 யாரோ சிரித்தோம். 'யாரோ' என்று எழுதுவது கோழைத்தனம். டாக்டர் மகளும் நானும்தான் முதலில் சிரித்தோம். நீங்கள் பின்னால் சேர்ந்துகொண்டீர்கள்.

"கட்டடம் என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"அப்படியே நின்னுச்சு டீச்சர். ரெண்டு நாள்ல ஆபீஸ்கூட திறந்துட்டாங்க."

"எழுபத்தஞ்சு மாடி விழுந்தவ பொழைச்சா. ப்ளேன் மோதின பில்டிங் நின்னுச்சு. ஏண்டி, தெனம் நம்ம தலைக்கு மேல போகுதே, அதுல ஒண்ணு இந்த ஓட்டு மேல விழுந்தா நீயும் நானும் இருப்போமா? யார் சொன்னா உனக்கு?"

"எங்கப்பா."

"உங்கப்பா சொன்னா ஆச்சா? திங்கட்கிழமைக்குள்ள புத்தகத்துல காட்டு. இல்லேன்னா டீம்ல நீ கிடையாது. பொய் சொல்றவங்களைக் கூட்டிட்டுப் போய் ஸ்கூல் மானத்தை வாங்க முடியாது."

அன்று மாலை கேட்டருகில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "உங்கப்பாக்கு லைப்ரரியில எல்லாரையும் தெரியும்னு சொன்னியே. இங்கிலீஷ் புக்ல பாத்து சொல்றியா? எங்கப்பாக்கு லிஃப்ட் மாட்ட வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் சொன்னதாம். புக்கு பேரெல்லாம் தெரியாது. நீ பாத்தா கெடைக்கும்."

"பாக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போனார். யாரோ தானமாகக் கொடுத்த பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை பைண்டு செய்து மேல் தட்டில் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தேடினோம். தூசியில் அப்பாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. கடைசியில் அவரே கண்டுபிடித்தார். ஒரு முழுப்பக்கப் புகைப்படம். பனிக்கு நடுவே கட்டடத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கிழிந்த வாய்போல ஒரு ஓட்டை. அப்பா விரலை வைத்து வரி வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். எழுபத்தொன்பதாவது மாடி. லிஃப்ட் பெண். எழுபத்தைந்து மாடி. எல்லாம் அப்படியே இருந்தது.

"அட, நெஜம்தான்டி!" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடி, முன்னால் இருந்த வரிசைக்குப் பின்னால் சொருகி வைத்தார். "இதை யார்கிட்டயும் சொல்லாதே. போட்டியில வந்தா உனக்கு உதவும். கையில இருக்கறதை எல்லாருக்கும் அவுத்து விட்டுட்டு நிக்கக் கூடாது."

திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அப்பா எனக்கு வெளியே ஏதாவது வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இனிப்பும் குளிரும் தொண்டையில் இறங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்பாவின் அன்பு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் அவள் ஓடி வந்தாள். "கெடச்சுதா?"

"இல்ல. எல்லாப் புக்கும் பாத்தாச்சு. எங்கப்பாவும் பாத்தாரு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லியாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மேலும் சொன்னேன்: "உங்கப்பா உன்கிட்ட கதை விட்டிருக்காரு. நீ அதை நம்பிட்டே."

அவள் அழவில்லை. சும்மா நின்றாள். எதையோ மனசுக்குள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவள்போல இருந்தது. "அப்ப மத்ததும் பொய்யா?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான்தான் பதில் சொன்னேன்.

"இருக்கும்."

டீச்சர் அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினார். புத்தகம் இல்லை என்றதும் கையைப் பிடித்து இழுத்துக் கிள்ளினார். டீமில் அவள் இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். புளுகுணி என்ற பெயர் அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் பிறந்தது. வைத்தது டாக்டர் மகள், பரப்பியது நாம் எல்லோரும். இரண்டு நாள் கழித்து அந்த நோட்டு எங்கே என்று நான் அவளைக் கேட்டேன். வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன் என்றாள். முதலில் அட்டை எரியவே இல்லையாம். சோற்றுப் பசை கருகிய நாற்றம் வீடெல்லாம் அடித்ததாம். அவள் அப்பா வேலையிலிருந்து வந்து என்ன நாற்றம் என்று கேட்டாராம். அவள் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்னால் டீச்சர் நம்மை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். அருங்காட்சியகம், கடற்கரை, நடுவே பதினாலு மாடி. டீச்சரின் அண்ணன் அங்கே ஒரு அதிகாரி. மேலே ஏறிப் பட்டணத்தைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் போகும்போதெல்லாம் அவள் தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று முதல் நாளே டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். கட்டிய பணம் திரும்ப வராது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

எட்டெட்டுப் பேராக லிஃப்டில் ஏறினோம். என்னோடு ஏறிய எட்டுப் பேரில் டீச்சர், டாக்டர் மகள், அவள் மூவரும் இருந்தார்கள். உள்ளே ஒரு முக்காலியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, நரைத்த கிருதா, பையில் ஒரு சீப்பு. அவரை எனக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில், அவளுடைய புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை ஒரு தடவை பார்த்திருந்தேன். அப்போதும் இதே காக்கிதான்.

அவர் அவளைப் பார்த்ததும் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. அவள் கதவுக்கு மேலே எண்கள் எரியும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சிரிப்பை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு, "எல்லாரும் நடுவுல நில்லுங்க பாப்பா" என்று பொதுவாகச் சொன்னார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும். போட்டியில் என் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. அவளிடமிருந்து எடுக்க இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் மகளைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றாரே, அது என்னை என்னவோ செய்தது. என்னைப் பார்த்து என் அப்பா ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை.

"லிஃப்ட் மேன்" என்று கூப்பிட்டேன். "எம்பயர் ஸ்டேட் பில்டிங்ல ப்ளேன் மோதிச்சாமே, லிஃப்ட் விழுந்துச்சாமே. உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்கு அப்படிச் சந்தோஷம். "அத்த ஏன் பாப்பா கேக்கற! பனின்னா அப்டி ஒரு பனி. குண்டு போடற ப்ளேனு வந்துகினே கீது, முன்னால பில்டிங்கு கீறது தெரியல. எழுவத்தொம்போதாவது மாடில சொருவிக்கிச்சு. லிஃப்ட்ல நம்ம மாரி டூட்டி பாத்துகினு இருந்திச்சு ஒரு பொண்ணு. அத்த வேற லிஃப்ட்ல ஏத்தி அனுப்பினா, வடம் அறுந்து போயி எழுவத்தஞ்சு மாடி! அறுந்த கம்பி வடமெல்லாம் கீழ சுருட்டிகினு மெத்த மாரி கெடந்துச்சாம். அதும் மேல வுழுந்துச்சு. பொயச்சிக்கிச்சு பாப்பா! இன்னா தகிரியம் பாரு."

"டீச்சர்!" என்று டாக்டர் மகள் கத்தினாள். "இவ சொன்ன அதே கதை!"

டீச்சர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "ஓகோ. பதினாலு மாடியில வேலைன்னா இதுதானா? ஏம்ப்பா, உன் பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கறா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "எனக்கு இவரைத் தெரியாது டீச்சர்."

லிஃப்ட் போய்க்கொண்டே இருந்தது. அவர் கைப்பிடியைப் பார்த்தபடி, "எனக்குப் பொண்ணு ஏதும்மா? ஒரே பையன்தான். ஊர்ல கீறான்" என்றார். அவர் நம் முன்னால் சொன்ன ஒரே பொய் அதுதான். "பதினாலு. பாத்து எறங்குங்க."

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கடல், துறைமுகம், தென்னந்தோப்புகள், பொம்மைப் பஸ்கள். எல்லோரும் தாம்பரம் எங்கே என்று தேடினோம். தெரியவில்லை. அவள் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். இறங்கும்போது லிஃப்ட் பயம் என்று சொல்லிவிட்டு, பதினாலு மாடியும் படியிலேயே இறங்கி வந்தாள். நாம் கீழே காத்திருந்தோம். லிஃப்ட் கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். தாமதமாக்கியதற்காக டீச்சர் அவளைத் திட்டினார். மறுநாள் வகுப்பில், "பெத்த அப்பனையே தெரியாதுன்னு சொல்ற பொண்ணையும் பாத்தாச்சு" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தோம்.

மாசியில் போட்டி. அந்த வருஷம் நம் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. எட்டாம் வகுப்பு முழுவதும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். கேள்வி கேட்டவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஒரு சனிக்கிழமை அது. கடைசிச் சுற்றில் நாமும் பல்லாவரமும் சமம். அவர் அட்டையை எடுத்துப் படித்தார்: "போர் விமானம் ஒன்று, மூடுபனியில், எழுபத்தொன்பதாவது மாடியில் மோதிய கட்டடம் எது?"

டாக்டர் மகள் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் மணியை அடித்தேன். கட்டடத்தின் பெயரைச் சொன்னேன். பெயர் மட்டும் போதும். ஆனால் மண்டபத்தில் என் அப்பா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார், தலையை ஆட்டி ஆட்டி. அதனால் லிஃப்ட் பெண்ணையும், எழுபத்தைந்து மாடியையும், அவள் பிழைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். பேராசிரியர், "அற்புதம்! இதெல்லாம் படிச்சு வெச்சிருக்கியே" என்றார். கைதட்டல். ஜமக்காளத்தின் ஓரத்தில் அவள் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

டீச்சரிடம் அதன் பிறகு யாரோ கேட்டிருக்கிறார்கள், அப்படியானால் புளுகுணி சொன்னது நிஜம்தானே என்று. டீச்சர் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். "அவ எவனோ சொன்னதைக் கேட்டுச் சொன்னா. இவ படிச்சுச் சொன்னா. வித்தியாசம் இல்லியா?"

பரிசு அகராதியோடு நான் வெளியே வந்தபோது அவள் குழாயடியில் காத்திருந்தாள்.

"எப்ப பாத்தே அந்தப் புக்கை?"

"நேத்து" என்றேன். "நேத்துதான் லைப்ரரியில கெடச்சுது. உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"நேத்தா?"

"ஆமா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "அப்ப எங்கப்பா சொன்னது நெஜம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நடந்து வருபவள், அன்று ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ஓடியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா பள்ளி கேட்டில் நின்றார். காக்கிச் சட்டை, சைக்கிள். எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் நேரம். அவள் அவர் பக்கத்தில், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கடந்து போனபோதும் விடவில்லை.

"நீதானா பாப்பா?" என்றார் என்னைப் பார்த்து. அன்று லிஃப்டில் கேள்வி கேட்டது நான்தான் என்று அவருக்கு நினைவில்லையோ, இருந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ, தெரியாது. "நா வுட்டது கத இல்லன்னு புக்குலயே போட்டுகீதாமே! எம் பொண்ணு வந்து சொல்லிச்சு. நீ மட்டும் சொல்லலன்னா இது என்னைய நம்பியே இருக்காது." காகிதப் பையில் கொய்யாப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். "ஒரு ஒத்தாச பண்ணு பாப்பா. அந்தப் புக்குல இன்னா போட்டுகீதோ அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. புக்கு பேரு, எத்தினியாவது பக்கம், எல்லாம். ஆபீஸ்ல இருவது வருசமா சொல்லிகினு கீறேன், ஒருத்தன் நம்பல. பைத்தியம்ன்றானுங்க. மூஞ்சில காட்டணும்."

"எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் சைக்கிளில் ஏறி மிதித்துத் திரும்பும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு."

சனிக்கிழமை குழாயடியில் நான் சொன்ன 'நேத்து' வெள்ளிக்கிழமை.

"எங்கப்பாக்கு அது தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். டீச்சர்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ எழுதி மட்டும் குடு."

அவள் கேட்டது அவ்வளவுதான். அரைப் பக்கம். லைப்ரரியில் அந்தப் புத்தகம் எந்த வரிசைக்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷ வேலை. நான் எழுதவில்லை. எழுதியதை அவள் டீச்சரிடம் காட்டிவிடுவாளோ என்று முதலில் பயந்தேன். அப்புறம் பயம்கூட இல்லை. அவள் என்னிடம் கெஞ்சாமல் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் கேட்டில் நின்றார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, மைதானத்தைச் சுற்றிப் பின்கேட் வழியாக உள்ளே போனேன். அதற்கு மறுநாளும் நின்றார். எட்டு மணி ரயிலை விட்டால் அவருக்கு வேலையில் திட்டு விழும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமையும் நின்றார், சட்டைப் பையில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு பேனாவும் வைத்துக்கொண்டு. நான் சுவருக்குப் பின்னால், அவர் போகும்வரை, கொய்யாப் பழம் தின்றுகொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. வகுப்பில் அவள் தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டிருந்தாள். எனக்கு உட்கார நிறைய இடம் கிடைத்தது. அன்று அம்மா எலுமிச்சை சாதம் கொடுத்திருந்தாள். டிபன் பாக்ஸை ஒரு பருக்கை விடாமல் காலி செய்தேன்.